திங்கட்கிழமைக்குக் கூடுதல் கட்டணம்

இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஒரு சென்ட் கிடையாது என்று ரேலீன் சொன்னபோது அவள் கை என் ஈரத்தலையில் இருந்தது. கண் மட்டும் அந்தப் பெண்ணின் மடிக்கணினியில்.

அந்தப் பெண் டேனிகா. ரேலீனின் சலூனுக்கு இணையதளம் செய்து தருவதற்காக டாம்வொர்த் நகரத்திலிருந்து வந்திருந்தாள். சீப்பும் கிளிப்பும் வைக்கிற தள்ளுவண்டியை ஒதுக்கி அதன்மேல் கணினியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு நாற்காலியில் நிலைகொள்ளவில்லை. ரேலீன் இரண்டு முறை என் தலையைப் பிடித்து நேராக்கினாள்.

எங்கள் குயிரிண்டி மாதிரிச் சின்ன ஊரில் முடி வெட்டிக்கொள்ள இணையதளம் எதற்கு? வாசலில் நின்று கத்தினால் ரேலீனுக்குக் கேட்கும்.

இல்லையென்றால் போன் இருக்கிறது. கையில் எப்போதும் சாயம் என்பதால் அவள் முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்குவாள். யார் வருகிறார்கள், எப்போது, எதற்கு என்று கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஊர்ப் பத்திரிகை நின்றுபோனதில் எங்களுக்குப் பெரிய குறை இல்லாமல் இருந்தது அந்த முழங்கையால்தான்.

இப்போது எல்லாரும் சத்தமில்லாமல் கணினியில் நேரம் குறித்துக்கொள்வார்களாம்.

பக்கத்து நாற்காலியில் ஷெரில், தலை முழுக்கச் சாயத்தோடு. "உன் பொழப்பு போச்சு, கோரல்," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஊர் வம்பு பரப்புவதில் எனக்குப் பேர் உண்டு.

முகப்பு, விலைப்பட்டியல், வழி காட்டும் வரைபடம் எல்லாம் சேர்த்து ஆயிரம். ஆள் வந்து படம் பிடிக்க ஐந்நூறு. நேரம் குறிக்கும் வசதிக்கு அறுநூறு.

படம் வேண்டாம் என்று ரேலீன் உடனே சொல்லிவிட்டாள். இந்த ஊரில் என் மூஞ்சியைப் பார்க்காதவர் யார் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்கு அடுத்ததுதான் விசித்திரம். திங்கட்கிழமைக்கென்று ரேலீன் தனியாகக் கேட்டிருந்த ஒரு வசதி, நானூறு டாலர்.

திங்கள் கடைக்கு விடுமுறை. அன்று ஒரே ஒருவருக்கு மட்டும், சன்னல் திரையை இறக்கிவிட்டு, திறப்பாளாம். குறித்தவரின் பெயர் கடை மேசைமேல் இருக்கப்போகிற கணினியில் வராது. ரேலீனைத் தவிர யாருக்கும் தெரியாது.

யார் அந்தத் திங்கட்கிழமைக் காதலன் என்று நான் கேட்டேன். ஷெரில் சிரித்த சிரிப்பில் சாயம் நெற்றிக்கு வழிந்தது.

ரேலீன் சிரிக்கவில்லை. "நொய்லீனை மறந்துட்டியா?" என்றாள்.

யாரும் மறக்கவில்லை. போன வருடம் நொய்லீன் போன் செய்தாள். புற்றுநோய்க்குச் சிகிச்சை ஆரம்பித்துவிட்டதென்றும், முடி கொத்துக்கொத்தாக வருகிறதென்றும், மொத்தமாக மழித்துவிட முடியுமா என்றும் கேட்டாள். முழங்கை வழியாகக் கடை முழுக்கக் கேட்டது.

நல்ல மனசுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சாயங்காலத்துக்குள் அவள் வீட்டு வாசற்படியில் அலுமினியத் தாள் மூடிய சாப்பாட்டுத் தட்டுகள் வரிசையாக வந்து சேர்ந்துவிட்டன. ஆட்டிறைச்சி, மீனும் நூடுல்ஸும், அது இது.

அத்தனை தட்டுகள் ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரே அர்த்தம்தான். மாட்டுச் சந்தையிலிருந்து திரும்பிய அவள் புருஷன் கேட் அருகிலேயே நின்றுகொண்டு, யார் செத்தது என்று கத்தினான்.

அவனிடம் அவள் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

நொய்லீன் தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு இந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

டேனிகா தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொன்றையும் சொன்னாள். தளம் ஓடிக்கொண்டிருக்க ஆண்டு வாடகை உண்டு. இருநூற்றைம்பது. அதைச் சேர்த்தால் ரேலீன் சொன்ன எல்லையைத் தாண்டிவிடும்.

ரேலீன் பெருமூச்சு விட்டாள். தலை கழுவும் தொட்டியில் விரிசல் விட்டு மாதக்கணக்காகிறது. அதை மாற்றச் சேர்த்த காசைத்தான் இதில் போடுகிறாள். இதற்கு மேல் அவளிடம் இல்லை.

"சரி, அந்தத் திங்கட்கிழமைய எடுத்துடு," என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

டேனிகாவின் விரல் விசைக்கு மேலே போய் நின்றது.

அந்த வாடகையை மாசாமாசம் கட்ட முடியாதா என்று நான் கேட்டேன்.

கட்டலாம் என்றாள் டேனிகா. நிறைய கடைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். யாரும் கேட்கவில்லை என்பதால் அவள் சொல்லவில்லை.

"அப்ப திங்கட்கிழமை இருக்கட்டும்," என்றேன்.

ஷெரில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கேலி பேசியது யார் என்று கேட்டாள். நான் கண்ணாடியில் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிய எத்தனை நாள் ஆகும் என்று டேனிகாவிடம் கேட்டேன். ஆறு வாரம் என்றாள்.

"அதுக்கு முன்னாடி ஆகாதா, கண்ணு?"

போன வியாழக்கிழமை நான் டாம்வொர்த் போனது தங்கையைப் பார்க்க என்றுதான் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான். அங்கே ஆஸ்பத்திரியில், என் கையில் ஊசியைச் சொருகி மருந்துப் பையைத் தொங்கவிட்ட நர்ஸிடம் முடியைப் பற்றிக் கேட்டேன். மூன்றாவது வாரம் கொட்டத் தொடங்கும் என்றாள்.

ரேலீனின் சீப்பு என் தலையில் பாதி வழியில் நின்றது. கண்ணாடியில் அவள் என் முகத்தைத் தேடவில்லை.

"மத்ததெல்லாம் மெதுவா வரட்டும், டேனிகா. திங்கட்கிழமைய மொதல்ல செஞ்சுடு."