ஏழாம் பக்கம்

பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளைக் கல்லூரி எல்லா மாணவிகளின் கைபேசியிலும் எளிய தமிழில் ஏற்றிவிட்டது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அப்பாவுக்குத் தகவல் போய்விடும் என்பது இந்த வருடத்துப் புது வசதி.

செண்பகவல்லி, 'புகார் கொடுப்பது எப்படி' என்ற ஏழாம் பக்கத்தைத் திறந்த மறுநிமிடமே அப்பா அழைத்தார்.

"அத ஏம்மா படிக்கிற? ஏதாச்சும் ஆச்சா? பெட்டியக் கட்டு, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"எல்லாருந்தாம்ப்பா படிக்கிறோம்."

அது பொய் என்று அறைத்தோழி ரஃபியாவுக்குத் தெரியும். அவள் எதுவும் கேட்காமல் தன் கைபேசியில் ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். பிறகு வெளியே போய் ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டினாள்.

மாலைக்குள் இருநூறு அப்பாக்கள் ஒருவரையொருவர் விசாரித்து, ஏதோ பாடம்தான் போலிருக்கிறது என்று சமாதானமானார்கள்.

செண்பகவல்லி ஏழாம் பக்கத்தை நிதானமாகக் கடைசி வரி வரை படித்தாள். 'யார் மீது' என்ற கட்டத்தில் ஆய்வகப் பேராசிரியரின் பெயரை எழுதினாள்.