வீரய்யாவின் இரண்டு வரிகள்

திரையில் இரண்டு வரிகள் சிவப்பில் இருந்தன. நீக்கப்பட வேண்டியவை என்று பொருள்.

மடிக்கணினியில் இருபத்தோரு சதவீதம் சார்ஜ். கீரமங்கலத்தில் இன்று மாதாந்திரப் பராமரிப்பு; மின்சாரம் ஐந்து மணிக்குத்தான் வரும். எனக்குக் கெடு மூன்று மணி. இப்போது ஒன்றே முக்கால்.

ஒரே கணினிக்குள் பல கணினிகளைத் தனித்தனியாக ஓடவைக்கும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தம் அனுப்பலாம். உள்ளே ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. குறித்த நேரத்தில் அது தட்டி எழுப்பினால்தான் உள்ளே அடுத்த வேலை நடக்கும்.

அந்தக் கடிகாரத்துக்குப் பின்லாந்திலிருந்து ஒருவர் திருத்தம் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குறிப்பு.

'மிச்ச நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா என்று இந்த இரண்டு வரிகள் சோதிக்கின்றன. நேரம் எப்படிக் கீழே போகும்? தேவையற்றவை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் பி. வீரய்யா. காரணம் குறிப்பிடவில்லை. அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது.'

நான்கு பேர் பார்த்துச் சம்மதித்துவிட்டார்கள். ஐந்தாவது நான்.

என்னிடமும் எல்லாச் சோதனைகளும் தேறின. ஆனாலும் விரல் நகரவில்லை. எழுதிய ஆளுக்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். வெறும் பயத்தில் போட்டு வைத்ததாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? நெற்றி சூடாகும் அளவுக்குக் கோபம் வந்தது.

கைபேசி அடித்தது. சென்னையிலிருந்து செம்மல், எங்கள் குழுத் தலைவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க பிரகதி, ரெண்டே வரி. இன்னுமா பாக்குறீங்க?"

"அந்த ரெண்டு வரி இருக்கணும்னு தோணுது சார்."

"தோணுதா? வீரய்யா கனவுல வந்து சொன்னாரா?" சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "ஆறு வருஷம் கேப் விட்டு வந்திருக்கீங்க. நாளையோட ஒங்க மூணு மாசம் முடியுது. வேலையில வெக்கலாமா வேணாமான்னு நான்தான் எழுதணும். காரணம் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா சம்மதம்னு போட்டு விடுங்க."

காரணம் இல்லை. இந்த ஆறு ஆண்டுகளில் எனக்குள்ளிருந்து என்னென்ன போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. சிலவற்றுக்கு, அவை இருந்த இடம் மட்டும் தெரிகிறது.

'சம்மதம்' என்று தட்டினேன். அனுப்பவில்லை.

"சோறு ஆறுது. வாரியா, இல்ல அந்தப் பொட்டிக்கே ஊட்டி விடவா?" அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

சார்ஜ் மிச்சமாகட்டும் என்று கணினியை மூடிவைத்துவிட்டுப் போனேன். சோறு இறங்கவில்லை. அம்மா எதையோ கேட்க வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

வந்து திறந்தபோது இரண்டு பதினைந்து. பதினைந்து சதவீதம்.

இரண்டு வரிகளையும் நீக்கிச் சோதனைக்காக உள்ளே ஓடவிட்டிருந்த கணினியின் கடிகாரம் ஒன்று ஐம்பத்தெட்டில் நின்றிருந்தது. விசையைத் தட்டினேன். அசையவில்லை.

நேரக் கணக்கின் பதிவைத் திறந்து படித்தேன்.

மூடிவைத்ததும் கணினி தூங்கிவிடுகிறது. அது விழிக்கும்போது, தட்டி எழுப்பக் குறித்த நேரம் எப்போதோ கடந்து போயிருக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கணினி அதைக் கீழே என்று படிப்பதில்லை. மாபெரும் எண்ணாகப் படிக்கிறது. அடுத்த நொடியே தட்ட வேண்டிய கடிகாரம் இனி ஐந்நூற்று எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தட்டும். அதுவரை உள்ளே இருப்பது காத்துக்கொண்டிருக்கும்.

சம்மதித்த நால்வரும் பெரிய இயந்திரங்களில் சோதித்தவர்கள். அவை தூங்குவதே இல்லை.

இரண்டு வரிகளையும் திருப்பிப் போட்டேன். மென்பொருள் மறுபடி உருவாகி முடிக்க இருபது நிமிடம் எடுத்தது, ஒன்பது சதவீதத்தைத் தின்றது. ஓடவிட்டேன். மூடினேன். நூறு வரை எண்ணினேன். அறுபதுக்குமேல் எண்கள் தப்பின.

திறந்தேன். உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு முறை மூடித் திறந்தேன். ஓடியது.

'சம்மதம்' என்பதை அழித்தேன். நடந்ததைப் படிப்படியாக எழுதி அனுப்பினேன். இரண்டு ஐம்பத்திரண்டு. நான்கு சதவீதம்.

செம்மலின் பதில் உடனே வந்தது.

'திருத்தத்தை நிறுத்தியாச்சு. நல்ல வேளை. ஆனா ஒண்ணு புரியல பிரகதி. அந்த வீரய்யா இதை எப்படிக் கண்டுபிடிச்சார்?'

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். சாப்பாட்டின்போது விழுங்கிய கேள்வி அவளிடம் இன்னும் இருந்தது.

"அந்த ஆளு போன்ல எதுக்குடி ஒங்கப்பா பேரச் சொல்லிச் சிரிச்சான்?"

முதல் வேலையில் சேர்ந்தபோது படிவம் குடும்பப் பெயர் கேட்டது. அப்பாவின் பெயரை எழுதினேன். வெளிநாட்டுக்காரர்கள் அதையே என் பெயராக்கிக் கொண்டார்கள். என் பெயர் முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கணவர் வசந்தின் பெயர்.

அப்பா பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போட்டவர். இறந்து ஐந்து ஆண்டுகளாகின்றன. என் கணினியை அவர் தொட்டது ஒரே ஒரு முறைதான். மின்சாரம் இல்லாத ஒரு நாள், நான் சோதனையை ஓடவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன்.

"தெறந்தே கெடந்துச்சு ஆத்தா. சார்ஜு போயிருமேன்னு மூடி வச்சேன்."

அன்று அவரிடம் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், உள்ளே நின்றுபோயிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளை எழுதியது அன்றுதான்; ஏன் எழுதினேன் என்பது மட்டும் எனக்கு மறந்துபோயிருந்தது.

மூன்று சதவீதம்.

செம்மலுக்கு எழுதினேன்: 'மூடி வச்சார்.'