பன்னிரண்டாவது ஆள்

"பதினோரு பேருக்காக ஒரு பகல் இல்லம், ஒரு வேன், மூணு நர்ஸ்! நல்லா இருக்கே கதை! வேணும்னா மெல்போர்னுக்குப் போகட்டும்!" கவுன்சிலர் கிளைவ் எழுதி வந்த பேச்சை மேடையில் விசிறி போல ஆட்டினார்.

நெரிடா அசரவில்லை. யாரிங்கா நகரசபையில் முதியோர் நலன் பார்ப்பவள். மறதி நோயாளிகளுக்கான அவளுடைய திட்டத்தைக் கிளைவ் ஏற்கெனவே இரண்டு முறை தூக்கிப் போட்டாயிற்று. இன்றைய ஊர்க்கூட்டத்திலும் தோற்றால் அது குப்பைக்கூடைக்குத்தான்.

"பட்டியல்ல இருக்கிறதுதான் பதினொண்ணு, கிளைவ். வெட்கப்பட்டு வீட்டுக்குள்ள மறைக்கிறவங்க எத்தனை பேரோ! வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போகும்."

"யாரு மறைக்கிறா? பன்னிரண்டாவது ஆளைக் காட்டு, இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

"காட்டறேன். வீடு வீடா ஏறியாவது காட்டறேன்."

"முதல்ல டீயைக் குடிப்போம்ப்பா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர, கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்தது.

ஊர் வழக்கப்படி அழைப்பிதழில் 'ஒரு தட்டு கொண்டு வாருங்கள்' என்று போட்டிருந்தது. தட்டு என்றால் பலகாரத்தோடு என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். போன வருடம் புதிதாக வந்த மதுரை டாக்டர்தான் காலித் தட்டோடு வந்து நின்று, இன்றுவரை கேலிக்கு ஆளாகிறார்.

"மெர்ல் வந்தாச்சு! ஆப்ரிகாட் கேக்ல எனக்கு ரெண்டு துண்டு!" என்று கூவினார் அந்த டாக்டர். "போன தடவை மாதிரி சர்க்கரையை அள்ளிக் கொட்டலையே?"

மெர்ல், கிளைவின் மனைவி. நாற்பது வருடமாக அந்தக் கேக்குக்குப் பேர் போனவர். துணி மூடிய தட்டை மேசையில் வைத்தார். நெரிடா துணியை விலக்கினாள்.

பளபளவென்று கழுவிய காலித் தட்டு.

"தட்டு கேட்டிருந்தீங்களே," என்று மெர்ல் பெருமையாகச் சிரித்தார். "மறக்காம கொண்டு வந்துட்டேன்."

சிரிக்க வாயெடுத்த டாக்டர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.  ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தும் நெரிடாவுக்கு அதைச் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை.

"நல்லவேளை மெர்ல், தட்டுதான் பத்தாம இருந்துச்சு," என்று பக்கத்திலிருந்த பிஸ்கட்டுகளை அதில் எடுத்து அடுக்கினாள்.

கிளைவ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவளிடமிருந்து பேனாவை வாங்கித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பன்னிரண்டுன்னு எழுதிக்கோம்மா," என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷமா அந்தக் கேக்கை நான்தான் சுடறேன். இன்னிக்கு இந்தப் பேச்சை எழுதற அவசரத்துல மறந்துட்டேன்."