சாம்பல் போகும் வழி

"இது மூணாவது மோட்டார், ஜுங்-யீ. இதுவும் எரிஞ்சுதுன்னா திங்கட்கிழமை நீ வேலைக்கு வர வேண்டியிருக்காது" என்றார் மேஸ்திரி காவ்.

ஜுங்-யீ தலையைக் குனிந்துகொண்டான். பிங்டுங் காகித ஆலையின் கூழ் பம்பு அவன் பொறுப்பு. பேரிங்கை மாற்றியாயிற்று, வோல்டேஜை அளந்தாயிற்று, பம்பில் அடைப்பும் இல்லை. ஆனாலும் எரிகிறது.

ஏழாம் மாதம். ஆவிகள் உலவும் மாதம். பேய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நல்ல சகோதரர்கள் என்பார்கள். அவர்கள் கோபம்தான் இது என்று ஆலை முழுக்கப் பேச்சு. அதனால் அவர்களுக்குக் காணிக்கையாகத் தாள்பணம் கொளுத்தும் தகர உருளையைப் பம்பு அறை வாசலுக்கே உருட்டி வந்துவிட்டார்கள்.

பக்கத்தில் நின்ற அண்ணன் வான்-டே தேதிகளை எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் மோட்டார் பிரித்தவர். முதல் தேதி கொளுத்தினார்கள். மூன்றாம் தேதி ஒன்று போயிற்று. பதினைந்தில் கொளுத்தினார்கள், பதினேழில் அடுத்தது. இதற்குமேல் என்ன கணக்கு வேண்டும்?

"உருளையைத் தள்ளி வைக்கச் சொல்லுடா. அந்தச் சாம்பலைத்தான் மோட்டார் காத்தோட இழுக்குது. உள்ளே சுத்தியிருக்கிற கம்பியில ஈரத்தோட ஒட்டிக்கிட்டா கரண்ட் தாவாம என்ன செய்யும்?"

தம்பி பாட்டுக்கு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பயந்தால் காது அடைத்துவிடும். வான்-டே மேஸ்திரியிடமும் சொல்லிப் பார்த்தார். யார் சொன்னாலும் காதில் ஏறாத மனிதர் அவர். திரும்பிக்கூடப் பார்க்காமல், போன தடவை கொடுத்தது போதவில்லை போலிருக்கிறது, இன்றைக்கு நாலு மடங்கு கொளுத்து என்றார்.

மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜுங்-யீ மண்டியிட்டு, ஊதுவத்தியை நெற்றிக்கு உயர்த்தினான். பிறகு தாள்கட்டைப் பிரித்துத் தீயில் போட்டான்.

"எல்லாம் உனக்குத்தான், அண்ணே. அன்னிக்கு உன்னை இந்தப் பம்புகிட்டத் தனியா விட்டுட்டுச் சாப்பிடப் போனது என் தப்புதான். பொணமாத்தான் உன்னைத் தூக்கினோம். இதை வாங்கிக்க. என் வேலையை மட்டும் விட்டுடு."

வான்-டே பாய்ந்து உருளையைப் பிடித்துத் தள்ளினார். கைகள் தகரத்துக்குள் புகுந்து மறுபுறம் வந்தன, சாம்பல் அவர் மார்பு வழியாகவே மோட்டாரை நோக்கிப் போனது.