பதினோரு வருஷ ஆராய்ச்சி

"ஏதாவது தேறுமா சார்?"

கணவரின் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மா, நான்காவது நாளாகக் கடைக்கு வந்து நின்றார்.

பழுதுபார்ப்பவருக்குக் கண் எரிந்தது. "தேத்தாம விடமாட்டேன்மா. பதினோரு வருஷ ஆராய்ச்சிங்கிறீங்க, இன்னொரு காப்பி எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

"அவருக்கு அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்? ஒருவேளை வராமலே போயிட்டா?"

"நல்ல வார்த்தையா சொல்லுங்கம்மா!"

டிஸ்க்குக்குள் வளைந்து கிடந்த, பதிவைப் படிக்கும் ஹெட்டை மாற்றிவிட்டு, கோப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வர நாலு நாளாக முதுகு ஒடியக் காத்திருந்தார் அவர். திரையில் கடைசிக் கோப்பும் வந்து விழுந்தது.

"வந்துடுச்சும்மா! ஒரு பக்கம்கூட விடல!"

அந்த அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர்தான் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார் அவர்.

"இது போனதிலேர்ந்துதான் சார், மனுஷன் பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடறார். சின்னவ எந்த கிளாஸ்னே போன வாரம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார்..."

பாட்டிலை வாங்காமல் டிஸ்க்கையே வெறித்துப் பார்த்தார்.

"மூணு தடவை தரையில ஓங்கிப் போட்டேனே சார், அப்படியுமா வந்துடுச்சு?"