ஒருவரையும் கைவிடாத கதவு

பக்கத்து ஆய்வகத்திலிருந்து புகை வந்ததும், பரிமளா டீச்சரின் ஏழாம் வகுப்புப் பாதுகாப்புக் கதவு தானே பூட்டிக்கொண்டு வருகைப் பதிவைத் தொடங்கியது. முப்பத்தெட்டுப் பேரும் பதில் சொன்னால்தான் திறக்கும்; ஒருவரையும் கைவிடாத கதவு அது.

முப்பத்தேழு பேர் இருமிக்கொண்டே பதில் சொன்னார்கள்.

“கதிர்வேல்?” என்றது கதவு.

“அவனுக்கு அம்மை! லீவு லெட்டர் குடுத்துட்டான்!” என்று டீச்சர் கத்தினார்.

“தலைமையாசிரியரின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. பொறுத்திருக்கவும்.”

கடைசி பெஞ்சு ஜெசிந்தா கட்டைக்குரலில் “உள்ளேன் மிஸ்!” என்றாள். கதவு திறந்தது.

மறுநாள் கதவுக்கு மாலை போட்டார்கள். ஆள்மாறாட்டம் செய்த ஜெசிந்தாவை ஒரு வாரம் இடைநீக்கம் செய்தார்கள்.

“மிஸ், என் பேரு லிஸ்ட்லயே இருக்குமே. அப்பப் புகை வந்தா?” என்றாள் அவள்.

அன்று மாலை பரிமளா டீச்சர் கண்ணாடி முன் நின்று ஜெசிந்தாவைப் போலப் பேசிப் பழகினார்.