ஸ்லைடுக்குக் கீழே

எட்டுப் பாடத்தையும் முடித்துவிட்டு, காசிராஜன் முதல் பிரதியைப் பிரிண்டருக்கு அனுப்பினான்.

இதைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பெண்டாட்டி கோமதித்தாய்க்கு என்று செய்ய இனி ஒன்றுமில்லை. அதனாலேயே மூன்று நாளில் முடிக்கிற வேலையைப் பத்து நாளாக இழுத்தான்.

அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள். எல்லாப் பாடத்துக்கும் ஸ்லைடு போட்டு வைத்திருந்தாள். தை மாதம் அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பரீட்சையோ வாசலுக்கு வந்துவிட்டது. வெறும் படமும் அம்புக்குறியுமாக இருக்கிற ஸ்லைடை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்னத்தைப் படிக்கும்? அவள் வகுப்பு மாணவி ஷமீராதான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் இவனுடைய டிடிபி கடையைத் தேடி வந்து, எல்லாவற்றையும் குறிப்புத்தாளாக ஆக்கித் தரமுடியுமா என்று கேட்டது.

காசிராஜன் ஒரு குறை வைக்கவில்லை. தலைப்பு தடித்த எழுத்தில். அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி அ, ஆ, இ என்று உட்தலைப்பு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பிள்ளைகள் பதில் எழுதிக்கொள்ள ஒரு புள்ளிக்கோடு.

டிடிபிக்காரனுக்கு எழுத்துதான் கண்ணில் படும், விஷயம் மண்டையில் ஏறாது. இருபது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும் அடித்துப் பழகிய கை. ஸ்லைடிலிருந்து கம்ப்யூட்டர் இறக்கிக் கொடுத்த வரிகளை அடுக்கிக்கொண்டே போனான். கோமதித்தாயின் அஞ்சலி போஸ்டரையும் இவன்தான் அடித்தான். படித்துக்கொண்டு அடித்திருந்தால் முடிந்திருக்குமா?

போஸ்டரில் இருந்தது, அம்மன் ஒற்றைக் காலில் தவமிருக்கும் திருநாளான போன ஆடித்தபசு அன்று எடுத்த படம். ரத வீதியே எள் விழ இடமில்லாமல் நிற்க, அவள் மட்டும் ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போவோமா என்றாள். இவனுக்குக் கேலி அடக்க முடியாமல் வந்தது.

"ஏட்டி, ஒம் பேருக்காரி அங்கன ஒத்தக் கால்ல நிக்கா. ஒனக்கு ரெண்டு கால் இருந்தும் நிக்க முடியலியோ?"

அவளும் சிரித்துவிட்டு எழுந்தாள். சப்பரம் வரும் வரைக்கும் நின்றாள், பாவி மக.

கார்த்திகையில் திருநெல்வேலி டாக்டர், புற்று இடுப்பெலும்பு வரைக்கும் பரவிவிட்டது, ஒரு நாலு மாசம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் காசிராஜன் ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவளுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு இறங்கியது.

பிரிண்டரில் வந்த தாள்களை, வாங்கிப் போக வந்திருந்த ஷமீரா எடுத்துப் புரட்டினாள். இரண்டாம் பாடத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"சார், இது பாடம் இல்ல. மிஸ் தனக்குன்னு ஸ்லைடுக்குக் கீழ எழுதி வச்சிக்கிடுவாங்க, ஸ்க்ரீன்ல தெரியாது. இந்த எடம் வந்தா நாந்தான் சேரை இழுத்துப் போடுவேன்."

காசிராஜன் தாளை வாங்கிப் பார்த்தான்.

மகரந்தச்சேர்க்கை.

அ. தன் மகரந்தச்சேர்க்கை.

ஆ. அயல் மகரந்தச்சேர்க்கை.

இ. இங்கே உட்கார்.

அவன் கையாலேயே அடித்தது. இம்மி பிசகாமல் உள்ளே தள்ளி, பக்கத்தில் புள்ளிக்கோடும் போட்டு அடித்திருக்கிறான். அடுத்த பக்கத்தில், படம் காட்டும்போது சுவரில் சாய்ந்துகொள். அதற்கும் அடுத்ததில், கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார், அவர்கள் எழுதட்டும்.

ஆனி மாதப் பாடம் இது. பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஊரில் தெரியாத ஒரே ஆள் தான் மட்டும்தானா? காசிராஜனுக்கு முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. அட சண்டாளி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்வதற்கு உனக்கு என்ன வந்தது?

ஷமீரா அதற்குள் அந்தப் பாடத்தின் கடைசித் தாளுக்குப் போயிருந்தாள். வாசித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் தாளை மேசையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அறிவிப்பு.

அ. தபசு விடுமுறை முடிந்ததும் முதல் தேர்வு.

ஆ. வலி தாங்கல. தபசு அன்னைக்கு வீட்டுல அவங்ககிட்டச் சொல்லிரணும்.

பக்கத்தில், பதில் எழுதிக்கொள்ள அவனே போட்ட புள்ளிக்கோடு.

பதிலை அவன் அன்றைக்கே, ரத வீதியில் வைத்து, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டிருந்தான்.